ஒன்பதாம் பதிப்பு

செவ்வாய் கிரகம், வடமுனை நிலையம்
காவலர் கைக்குறிப்பு

நிலைய நாள் 1507, 09:15

வெளி வெப்பம் மைனஸ் அறுபத்தெட்டு. காற்று, தண்ணீர், மின்சாரம் சரி. கணினியின் இரண்டாம் விசிறி இன்றைக்கும் கறகறவென்கிறது. அதற்குக் காது கொடுத்தால் வேலை ஓடாது. விட்டுவிட்டேன்.

பூமியிலுள்ள மையத்துக்குப் போகும் பதிவைக் கணினியில் தட்டுகிறோம். இந்த நோட்டு வேறு. மெஷின் படுத்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு வழி தெரியட்டும் என்று காவலர்கள் கையால் எழுதிவைப்பது. மையத்தில் எவரும் இதைப் படிப்பதில்லை.

நிலையத்தில் இரண்டே பேர். நான் ஆவுடையப்பன், ஐம்பத்து மூன்று வயது, அம்பாசமுத்திரத்துக்காரன், மெஷின்களுக்குப் பொறுப்பு. இன்னொருத்தி ஜெபக்கனி, நாசரேத் பக்கத்துப் பெண், பனிக்கட்டியில் துளை போட்டு ஆராய்கிறவள். இப்போது இங்கே கோடை. சூரியன் மறைவதே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் தூங்குகிறோம்.

இன்றைக்கு ஊரில் ஆயுத பூஜை. கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் நாளும் இதுதான். அன்றைக்கு மெஷின்களுக்கு ஓய்வு என்பதால், மையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ இந்த நாளைக் குறித்துவிட்டார். வருடா வருடம் இதே கதை.

நாள் 1507, 10:50

மையத்திலிருந்து மைதீன் பிச்சை அனுப்பிய செய்தி. எங்கள் நிலையத்தின் தரைப் பொறுப்பாளர் அவர்தான்.

"அண்ணாச்சி, ஒம்பதாம் பதிப்பு அனுப்பியாச்சு. உங்க மெஷினுக்கு வயசு பத்தொம்பது ஆவுது, தாங்குமா தாங்காதான்னு இங்க ஒரே சண்டை. நான் சொல்லிட்டேன், ஆறு, ஏழு, எட்டு எல்லாத்தையும் தாங்கிச்சுல்லா, இதையும் தாங்கும்னு. உங்களுக்குச் சந்தேகம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திருவோம். சும்மா சொல்லுங்க, வெக்கப்படாதீய."

பூமிக்கு ஒரு செய்தி போய்ச்சேரப் பதினான்கு நிமிடம். ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிடம்கூட வேண்டாம்.

நாள் 1507, 12:30

கணினியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தக்கூடாது என்பதால் டார்ச் விளக்கைக் காட்டி பூஜை முடிந்தது. பாக்கெட் கொண்டைக்கடலையில் சுண்டல். ஜெபக்கனி சுண்டலுக்கு முதல் ஆள். "சாமி உங்களுக்கு, சுண்டல் எனக்கு, அண்ணாச்சி" என்று கிண்ணத்தோடு போய்விட்டாள்.

பிறகு படிவத்தைத் திறந்து எழுதினேன்: "ஒன்பதாம் பதிப்பு ஏற்றப்பட்டது. இயக்கம் திருப்தி."

மெஷினில் இருப்பது ஐந்தாம் பதிப்பு.

எழுதிவிட்டேன். எங்கேயாவது உண்மையை எழுதித்தானே ஆகவேண்டும். நான் வந்த முதல் ஆயுத பூஜைக்கு ஆறாம் பதிப்பை ஏற்றப் பார்த்தேன். நாற்பது சதவீதத்தில் போய் நின்றது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், அசையவே இல்லை. காற்று, தண்ணீர் எல்லாம் கைமுறையில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி, ஐந்தைத் திரும்பப் போட்டேன். இந்த வேலைக்குத் தேர்வானவர்களில் நான்தான் மூத்தவன். "கிழட்டு மெஷினுக்குக் கிழட்டு ஆளு" என்று சின்னப் பையன்கள் சிரித்ததை என் காதால் கேட்டவன். வந்த வருடமே தோற்றேன் என்று எப்படி எழுதுவேன்? "முடிந்தது" என்று எழுதினேன். பதிப்பு எண் காட்டும் வரியைக் கையால் திருத்தினேன்.

அடுத்த வருடம் ஏழு. அப்போது எனக்கு நானே சாஸ்திரம் சொல்லிக்கொண்டேன்: ஆயுத பூஜை அன்றைக்கு ஆயுதத்தைத் தொடலாமா? பொட்டு வைத்த மெஷினில் கைவைக்கலாமா? ஊரில் லேத்துப் பட்டறையில்கூட அன்றைக்கு ஒரு ஸ்பானரைத் தொடமாட்டோம். சாமி பேரைச் சொல்லி என் பயத்துக்கு ஒரு திரை. எட்டுக்கும் அதே திரை. இன்றைக்கு ஒன்பது.

ஓடுகிற மெஷினை ஏன் தொடவேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதை மைதீனிடம் கேட்டிருந்தால் நான் யோக்கியன்.

நாள் 1510, 08:00

ஜெபக்கனி துளை போடப் புறப்பட்டாள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். மூன்று நாள் வேலை. அவள் வண்டி போன வருடம் வந்த புதிது. மையமே நேராக அதற்கு இந்த வாரம் ஒன்பதாம் பதிப்பை ஏற்றிவிட்டது. வண்டிக்குள்ளேயே படுக்கை, சாப்பாடு, காற்று எல்லாம். திரும்பி வருவதற்கு நிலையத்திலிருந்து வழிகாட்டி சிக்னல் போகும். வண்டி அதைப் பிடித்துக்கொண்டு தானே வந்துவிடும்.

"வரும்போது தோசை மாவு கரைச்சு வைங்க அண்ணாச்சி" என்றாள். பாக்கெட் மாவுதான். சரி என்றேன்.

நாள் 1512, 10:20

புழுதிப் புயல். மையம் சொன்னதற்கு ஒரு நாள் முந்திக்கொண்டது. ஜன்னலில் செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது போல் இருக்கிறது.

ஜெபக்கனி வானொலியில் வந்தாள். அது பழைய காலத்துச் சாமான், கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"அண்ணாச்சி, வண்டி கிளம்ப மாட்டேங்கு. 'நிலைய சிக்னல் ஏற்கப்படவில்லை'ன்னு எழுதிக் காட்டுது. கையில ஓட்டலாம்னா கை நீட்டுன தூரம்கூடத் தெரியல. பள்ளத்துக்குள்ள விட்ருவேன்."

காற்று எவ்வளவு என்று கேட்டேன். முப்பத்து நான்கு மணி நேரம். தாராளம். கவலைப்படாதே என்றேன். மையத்துக்குச் செய்தி அனுப்பினேன்.

நாள் 1512, 11:05

ஒன்பதாம் பதிப்போடு வந்த விளக்கத் தாளை இப்போதுதான் படித்தேன். ஏற்றாத மருந்துக்கு எதற்குச் சீட்டு என்று படிக்காமல் விட்டிருந்தேன். பதினோராம் பக்கம்: ஒன்பதாம் பதிப்பில் ஓடும் வண்டி, எட்டுக்குக் கீழே உள்ள எந்த நிலையத்தின் சிக்னலையும் போலி என்று தள்ளிவிடும்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பன்னிரண்டாம் பக்கம்: அவசரமென்றால் மையம் ஒரு குறியெண் அனுப்பும். வண்டி நாற்பது நிமிடத்தில் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான். நான் "மெஷினில் ஐந்துதான் இருக்கிறது" என்று சொன்னால் மதியச் சாப்பாட்டுக்கு அவள் இங்கே இருப்பாள்.

நாள் 1512, 11:20

மைதீன்: "அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் ஒம்பதுதான். அதனால பதிப்புல கோளாறு இருக்க வாய்ப்பே இல்ல. வண்டியோட சிக்னல் ஆன்டெனா லூசா இருக்கும். வெளிய போய் இறுக்கிப் பாக்கச் சொல்லுங்க."

வாய்ப்பே இல்லையாம். என்னை நம்பிச் சொல்கிறார்.

அவள் வெளியே போய்வர, வண்டியின் காற்றில் ஒன்றரை மணி நேரத்துக்கானது வீணாகும். கதவைத் திறந்து மூடும் செலவு. மைதீன் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது, நான் பொய் சொல்லவில்லையே என்று. த்தூ.

நாள் 1512, 13:40

இரண்டு முறை வெளியே போய்வந்துவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. கம்பி ஆடக்கூட இல்ல. குளுருல வெரலே மரத்துப் போச்சு."

மையத்துக்கு ஒரு செய்தி எழுதினேன். "மைதீன், ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன்." அழித்தேன். மறுபடி எழுதினேன், இன்னும் கொஞ்சம் கௌரவமாக: "நிலையப் பதிப்பில் ஒரு முரண்பாடு இருக்கலாம்." அதையும் அழித்தேன். இருக்கலாமாம்! மூன்று வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் பேசுகிற பேச்சு.

இன்னொரு வழி இருக்கிறது. ஒன்பதை இப்போதே உண்மையாக ஏற்றிவிட்டால்? தாளில் ஐந்து மணி நேரம் என்று போட்டிருக்கிறது. சாயந்திரம் ஏழு மணிக்குச் சிக்னல் சரியாகிவிடும். அவள் வந்துவிடுவாள். யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். ஏற்றும்போது மெஷின் படுத்துவிடுமோ என்பதுதான் பயம். ஏற்றுகிற வரைக்கும் பூமியோடு பேசவும் முடியாது, அந்த இணைப்பு கணினி வழியாகத்தான். ஆறைப் பிடுங்கியது போல இதைப் பிடுங்கவும் முடியாதாம், பாதியில் நிறுத்தினால் ஐந்தும் இல்லை, ஒன்பதும் இல்லை.

நேர்வழிக்கு நாற்பது நிமிடம். கள்ளவழிக்கு ஐந்து மணி நேரம்.

நாள் 1512, 14:10

ஏற்ற ஆரம்பித்தேன்.

நாள் 1512, 17:50

பதினொரு சதவீதம். நான்கு மணி நேரம் ஆகப்போகிறது, பதினொன்று. பழைய வட்டு, நினைவகப் பலகை நான்கில் ஒன்று செத்தது. இந்தக் கணக்கில் போனால் நாளைக்குத்தான் முடியும்.

ஜெபக்கனி கேட்கிறாள்: "அண்ணாச்சி, மையத்துல என்ன சொல்லுதாவ? ஒரு பதிலையும் காணுமே."

புயலில் பூமி இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்றேன். அவள் சும்மா இருக்கவில்லை. வேறு என்ன சொன்னார்கள், என்ன செய்யட்டும் என்று துளைத்தாள். அவள் வேலையே துளைப்பதுதான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்த எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஆன்டெனாவ இன்னொரு தடவ பாக்கச் சொல்லுதாவம்மா. நல்லா இறுக்கணுமாம்."

மையம் அப்படிச் சொல்லவில்லை. மையத்தோடு பேசவே வழியில்லை. அவள் "சரி அண்ணாச்சி" என்று உடையை மாட்டிக்கொண்டு மூன்றாம் முறை வெளியே போனாள். இன்னொரு ஒன்றரை மணி நேரக் காற்று.

இதை எழுதும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பார்ப்பதற்கு ஒரு ஆளும் இல்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

நாள் 1512, 20:30

இருபத்தேழு சதவீதம்.

பேசிக்கொண்டே இருக்கச் சொன்னாள். தனியாக இருந்தால் காற்றின் சத்தம் மட்டும் கேட்கிறதாம். அவள் வீட்டுக்காரர் சாமுவேல் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு கோயில் மதில் சுவரில் முட்டிய கதையைச் சொன்னாள். சிரித்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "கனி, உன் ஆன்டெனாவில் ஒன்றுமில்லை, அதைத் தொடாதே" என்று இவ்வளவு சொன்னால் போதும். காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டாள். கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

நாள் 1513, 05:30

நாற்பது சதவீதத்தில் நிற்கிறது. அதே நாற்பது.

நாள் 1513, 06:45

நாற்பத்தொன்று! நின்றது போலத் தெரிகிறதே தவிர, நிற்கவில்லை. இந்த இடத்தில் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். அப்படியானால் மூன்று வருடத்துக்கு முன்பும் அது நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அன்றைக்கே ஆறு ஏறியிருக்கும். நான்தான் பயந்து பிடுங்கினேன். இவ்வளவு பொய்யும் அதற்கு மேல் கட்டியது.

நாள் 1513, 07:40

நாற்பதைத் தாண்டியதும் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. அறுபத்தாறு.

ஜெபக்கனி நான் கேட்காமலேயே நான்காம் முறை வெளியே போய்வந்திருக்கிறாள். "நீங்க சொன்ன மாதிரியே ஸ்பானர் போட்டு நல்லா இறுக்கிட்டேன் அண்ணாச்சி." குரல் ஒரு மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

நாள் 1513, 10:05

நூறு சதவீதம். ஒன்பதாம் பதிப்பு. மெஷின் எழுந்துகொண்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், முன்னைவிட வேகமாக ஓடுகிறது. விசிறியின் கறகறப்புகூட இல்லை. சிக்னல் போகிறது. பூமி இணைப்பும் வந்துவிட்டது.

அவளுக்கு இன்னும் நான்கேகால் மணி நேரக் காற்று இருக்கிறது. வண்டி வர இரண்டு மணி நேரம் போதும். முருகா, தப்பித்தோம். தோசை மாவைக் கரைக்கப் போகிறேன்.

நாள் 1513, 10:25

வண்டி அசையவில்லை. சிக்னலே வரவில்லை என்று காட்டுகிறதாம். நேற்று வரைக்கும் 'ஏற்கப்படவில்லை'. இன்றைக்கு 'வரவில்லை'.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். காலையில இறுக்கும்போது ஆன்டெனா பின்னு ஒடஞ்சிட்டு. குளுருல கண்ணாடி மாதிரி பட்டுனு போயிட்டு. மாத்துப் பின்னு வண்டியில இல்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ்வளவு சொல்லி அனுப்பியும் இப்படிப் பண்ணிட்டாளேன்னு நெனைப்பீயளேன்னு... மன்னிச்சிருங்க அண்ணாச்சி. மறைச்சிருக்கக் கூடாது."

இரண்டரை மணி நேரம் மறைத்ததற்கு அழுகிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லம்மா, யாருக்கும் வாரதுதான்" என்றேன். மன்னித்துவிட்டேன். நான், அவளை.

நாள் 1513, 12:10

கையால் ஓட்டி வருகிறாள். நான் வரைபடத்தை வைத்துக்கொண்டு குரலில் வழி சொல்கிறேன். இத்தனை மீட்டர் நேரே, இத்தனை டிகிரி இடது. அவள் நடை வேகத்தில்தான் வரமுடிகிறது. பள்ளத்தாக்கைச் சுற்றிக் கடந்துவிட்டாள்.

நாள் 1513, 13:35

சக்கரம் வழுக்குவதால் தூரக் கணக்கு தப்புகிறது. எங்கே இருக்கிறாள் என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. விளக்கு தெரிகிறதா என்று கேட்டேன். எல்லாப் பக்கமும் சிவப்பாகத்தான் இருக்கிறதாம்.

உடை மாட்டிக்கொண்டு வெளியே போகிறேன். முந்நூறு மீட்டர் கயிறு இருக்கிறது.

நாள் 1513, 15:20

கயிறு முடியும் வரைக்கும் போனேன். அவிழ்த்துவிட்டு இன்னும் போயிருக்கலாம். போகவில்லை.

14:31க்குக் கடைசியாகப் பேசினாள். "சாமுவேல்ட்ட சொல்லுங்க, நான் பயப்படலன்னு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி, அதையும் சொல்லுங்க."

அப்போதாவது வாயைத் திறந்தேனா? "கனி" என்று கூப்பிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. வானொலி திறந்தே இருந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

நாள் 1519, 11:00

புயல் ஓய்ந்தது. வண்டி கதவிலிருந்து எழுநூறு மீட்டரில் நின்றிருந்தது. அவளைக் கொண்டுவந்து குளிர் அறையில் வைத்தேன். கையுறையில் உடைந்த பின்னின் துண்டு இருந்தது. ஆதாரத்துக்கு என்று பத்திரமாக வைத்திருக்கிறாள்.

நாள் 1524, 15:10

மைதீன்: "அண்ணாச்சி, மனசத் தேத்திக்கோங்க. கடைசி வரைக்கும் தூங்காம அவகூடப் பேசிட்டே இருந்தீயளே, வேற யாரு செய்வா? அவ வீட்டுக்காரரு உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு. விசாரணை முடிஞ்சிட்டு. காரணம், ஆன்டெனா பின் உடைவு, ஓட்டுநர் கைத்தவறு. இனிமே வண்டி எடுக்கதுக்கு முன்னாடி பின்னக் கையால தொட்டுப் பாக்கணும்னு விதி போட்டாச்சு. 'ஜெபக்கனி சோதனை'ன்னு பேரு. பயிற்சிக்கு வாரவங்களுக்கு எல்லாம் அவ செஞ்ச தப்ப முதல் பாடமா வைக்காவ. நீங்க சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிருங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இத்தனை நாள் அது வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

படிவத்தில் பதினான்காம் கேள்வி: நிலையக் கணினியின் பதிப்பு? ஒன்பது என்று எழுதினேன். நான் வந்ததிலிருந்து அந்தக் கட்டத்தில் எழுதிய முதல் உண்மை அதுதான். எவன் வந்து மெஷினைத் திறந்து பார்த்தாலும் ஒன்பதுதான் தெரியும். அதற்குக் கீழே, மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அனுப்பிவிட்டேன்.

நாள் 1524, 16:40

இதைக் கண்டெடுப்பவரே, அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். வண்டி எடுக்கும்போதெல்லாம் அவள் பேரைச் சொல்லிப் பின்னைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பேரை எடுத்துவிடுங்கள். ஆன்டெனாவில் ஒரு கோளாறும் இல்லை. நான் சொல்லித்தான் அதைத் தொட்டாள். என் பேரை வையுங்கள், ஆவுடையப்பன், எழுத்துப்பிழை இல்லாமல்.

அதை நீயே சொல்லலாமே என்பீர்கள். இணைப்பு நன்றாக இருக்கிறது. கணினி மணியாக ஓடுகிறது. பதினான்கு நிமிடத்தில் போய்ச்சேர்ந்துவிடும். மைதீன் இன்றைக்கு ஆறு மணி வரைக்கும் இருப்பதாகச் சொன்னார்.

நாளைக்குச் சொல்கிறேன்.